கற்கண்டு கைவிட்ட கதை

என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் நான் கோயில் பிரசாதத்தை வீணாக்கியிருக்கிறேன். எதில் போட்டு வீணாக்கினேன் என்பதை வெளியே சொல்ல இத்தனை வருஷமாக வாய் கூசியது. இப்போது கூசவில்லை. வயசு அறுபதை நெருங்குகிறது. கேட்டால் திட்டக்கூடிய பெரியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் இருப்பவர்களோ என் மானத்தை எப்போதோ ஏலம் போட்டு முடித்துவிட்டார்கள். மிச்சம் மீதி இருப்பதை நானே எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

நான் டாக்டராகியிருக்க வேண்டியவன். (சிரிக்காதீர்கள். என் மனைவி சிரிப்பது போதும்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். அப்போது மயிலாப்பூரில் எங்கள் தெருவில் கல்லை விட்டெறிந்தால் ஒரு வக்கீல் போர்டின் மேல்தான் விழும். என் அப்பா வக்கீல் இல்லை, ஹைஸ்கூல் வாத்தியார். தெருவில் போர்டு இல்லாத ஒரே வீடு எங்களுடையது என்பது அவருக்குத் தீராத மனக்குறை. நான் எப்படியோ மருத்துவக் கல்லூரியில் இடம் பிடித்துவிட்டேன். சேர்ந்த அன்று சாயங்காலமே அப்பா ஒரு சுத்தியலோடு வாசலுக்குப் போய், சுவரில் இரண்டு ஆணி அடித்தார். பித்தளைப் போர்டு ஐந்து வருஷம் கழித்து வரும், ஆணி இப்போதே தயாராக இருக்கட்டும் என்று.

போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்பார்கள். "என்ன வாத்தியாரே, ஆணி மட்டும் இருக்கு?"

"டாக்டர் வந்துண்டிருக்கான்" என்பார் அப்பா. நான் உள்ளே உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த இரண்டு ஆணியும் சுவரில் அடித்ததாக எனக்குத் தோன்றியதே இல்லை.

வந்துகொண்டிருந்த டாக்டரை நடுவழியில் மறித்தது உடல் ரசாயனம். எலும்பைப் பற்றிக் கேட்டால் தடவிப் பார்த்துச் சொல்லலாம். இதயத்தைக் கேட்டால் படம் போட்டுக் காட்டலாம். இந்த ரசாயனமோ கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் அகப்படாது. நாம் சாப்பிடுகிற ரசம் சாதம் வயிற்றுக்குள் போய் என்ன ஆகிறது, கல்லீரலில் எது பதுங்குகிறது, சிறுநீரில் எது வந்தால் எந்த வியாதி என்று ஒரே கணக்கு வழக்கு. எனக்குத் தெரிந்த படிப்பு ஒன்றே ஒன்று: பூணூல் போட்டதும் மந்திரம் நெட்டுருப் போட்டேனே, அந்தப் படிப்பு. அதையே இதற்கும் செய்தேன். தினமும் சாயங்காலம் கபாலி கோயில் பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு சுற்றுக்கு ஒரு பாடம் என்று முணுமுணுப்பேன். "அசிட்டோன் தோன்றும் நிலைகள்: நீரிழிவு, பட்டினி, ஓயாத வாந்தி... அசிட்டோன் தோன்றும் நிலைகள்: நீரிழிவு, பட்டினி, ஓயாத வாந்தி..." எதிரே வருகிற மாமிகள், பிள்ளை என்னமோ ஸ்தோத்திரம் சொல்கிறான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வழி விடுவார்கள்.

இந்தப் படிப்பில் ஒரு கோளாறு உண்டு. ஆரம்பத்திலிருந்து சொன்னால் அருவி மாதிரி கொட்டும். நடுவில் ஒன்றைப் பிடுங்கிக் கேட்டால் அவ்வளவுதான், மறுபடியும் முதல் அடியிலிருந்து தொடங்க வேண்டும். பித்தநீரைப் பற்றிக் கேட்ட ஒரு பேராசிரியரிடம் மாவுச்சத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார், பாவம். பித்தநீர் வருவதற்குள் அவருக்கு மணி அடித்துவிட்டது.

எழுத்துப் பரீட்சையில் தேறிவிடுவேன். செய்முறைப் பரீட்சையில்தான் சறுக்கும். முதல் தடவை, கொடுத்த சிறுநீரில் இருந்த ஆல்புமினைக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாம் தடவை, இல்லாத ஆல்புமினைக் கண்டுபிடித்துவிட்டேன். (சூடு காட்டினால் கலங்கும், இரண்டு சொட்டு அமிலம் விட்ட பிறகும் கலங்கல் நின்றால்தான் ஆல்புமின், கரைந்துபோனால் வெறும் உப்பு. அந்த இரண்டு சொட்டை விட மறந்தேன். அதற்கு ஆறு மாசம் தண்டனை.) மூன்றாம் தடவையும் போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கல்லூரியில் கையெழுத்துப் போட்டே சொல்லிவிட்டார்கள்.

ஆக, மூன்றாம் பரீட்சைக்கு எங்கள் குடும்பமே சேர்ந்து தயாரானது. அதுதான் வினை.

அம்மா வேண்டிக்கொண்டாள். சும்மா நூற்றெட்டுத் தேங்காய் என்று வேண்டிக்கொண்டிருந்தால் செலவோடு போயிருக்கும். "குழந்தை பரீட்சைக்கு முதல் நாள் பூரா உபவாசம் இருப்பான், பச்சைத் தண்ணி தவிர எதுவும் தொடமாட்டான், பரீட்சை முடிஞ்சு உன் பிரசாதத்தைத்தான் முதல்ல வாயில போட்டுப்பான்" என்று என் வயிற்றை வைத்துக் கற்பகாம்பாளிடம் பேரம் பேசிவிட்டு வந்துவிட்டாள்.

"அம்மா, பரீட்சை திங்கக்கிழமை பதினோரு மணிக்கு. சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டவன் அதுவரைக்கும் எப்படிம்மா தாங்குவேன்?"

"ஏன், சாப்ட்டு சாப்ட்டுத்தானே ரெண்டு தடவை எழுதினே? என்னத்தைக் கிழிச்சே?"

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து விரதம் தொடங்கிற்று.

அப்பாவின் பங்குக்கு அவருடைய கறுப்புக் கோட்டு வந்தது. அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் பி.ஏ. பாஸ் செய்தாராம், அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் பேட்டி கொடுத்தாராம். அது தோற்றதாகச் சரித்திரமே கிடையாது. அப்பா ஆஜானுபாகு. நான் முருங்கைக்காய். கோட்டைப் போட்டதும் என் கை இரண்டும் காணாமல் போய்விட்டன. கைப்பகுதியை மடித்து விடலாம் என்றேன். "மடிச்சா ராசி போயிடும்டா" என்றார், எட்டாம் வகுப்புக்குக் கணக்கும் விஞ்ஞானமும் கற்பிக்கிற மனுஷர்.

திங்கட்கிழமை காலை அம்மா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து, பிரசாதத்தைக் காகிதத்தில் மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள். விபூதி, குங்குமம், ஒரு பெரிய கற்கண்டுக் கட்டி, ஐந்தாறு உலர்ந்த திராட்சை. "முடிஞ்சதும் இதைத்தான் முதல்ல" என்று மறுபடியும் எச்சரித்தாள். லஸ்ஸில் டிராம் ஏறினேன். மவுண்ட் ரோடு வரும்போதே கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. ஓட்டல்களிலிருந்து நெய் வாசனை வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். விரதத்துக்கு வாசனையும் பங்கம்தானோ என்று பயம்.

பரிசோதனைச் சாலை வாசலில் முனுசாமி நின்றிருந்தான். அங்கே சாமான்களைக் கழுவி அடுக்கி, மாதிரிகளை ஊற்றி வைக்கிற சிப்பந்தி. பத்துப் பதினைந்து வருஷ சர்வீஸ். பாதிப் பேராசிரியர்களைவிட ரசாயனம் தெரிந்தவன்.

"இன்னா சாமி, கை இப்பிடி ஆடுது? நாஸ்தா துன்னலியா?"

"விரதம், முனுசாமி."

"பரீச்ச அன்னிக்கா? வயித்தக் காயப்போட்டுக்கினு வந்தா மூள எப்பிடி வேல செய்யும்? போ, போ, பாத்து செய்யி."

உள்ளே ஒவ்வொருவர் மேஜையிலும் நம்பர் போட்ட கூம்புக் கண்ணாடிக் கிளாஸில் சிறுநீர் வைத்திருந்தது. அதில் சர்க்கரை இருக்கிறதா, ஆல்புமின் இருக்கிறதா, அசிட்டோன் இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். பரீட்சகர் பிற்பாடு ஒவ்வொரு மேஜையாக வந்து, தம் கண்ணெதிரே மறுபடியும் செய்துகாட்டச் சொல்வார். வெளியூரிலிருந்து வந்தவர். தங்க ஃபிரேம் கண்ணாடி, முகத்தில் ஒரு சலிப்பு.

முதலில் சர்க்கரை. மயில்துத்தம் கலந்த நீலத் திராவகத்தைக் குழாயில் ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே கிடக்கும். இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகும், நிறைய இருந்தால் செங்கல் நிறமாகும். நான் கொதிக்கவைத்த இரண்டாவது நிமிஷம், குழாயில் அசல் செங்கல்! என் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. "சர்க்கரை உண்டு" என்று பெரிய எழுத்தில் எழுதினேன். அப்பாவின் ஆணிகளில் போர்டு தொங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. எழுத்துகூடத் தெரிந்தது.

அந்தச் சந்தோஷத்தில், அடுத்த குழாயை எடுக்கக் கையை நீட்டினேன். கை போவதற்கு முன்னால் கோட்டுக் கை போயிற்று. ராசியான கோட்டு. கிளாஸைத் தட்டிவிட்டது.

உடையவில்லை. உடைந்திருந்தால் சத்தம் கேட்டு யாராவது வந்து காப்பாற்றியிருப்பார்கள். அது சத்தமில்லாமல் சாய்ந்தது. உள்ளே இருந்ததெல்லாம் நேராகக் கழுவுதொட்டிக்குள் போய், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறங்கிவிட்டது. கிளாஸின் அடியில் இருந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கையைத் தூக்கி, "ஸார், சிந்திவிட்டது" என்று சொல்லியிருக்க வேண்டும். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். ஆனால் எங்கள் கல்லூரியில், இரண்டாம் கிளாஸ் கேட்டவன் அந்த நிமிஷமே பெயில் என்று ஒரு வதந்தி உண்டு. யார் கிளப்பியது என்று தெரியாது. அந்தப் புண்ணியவான் இன்று எங்கேயாவது பெரிய டாக்டராக இருப்பான், நாசமாய்ப் போக.

மூளை வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வேலை செய்தது, அதுதான் கஷ்டம். சிறுநீர்தானே வேண்டும்? உலகத்தில் சிறுநீருக்கா பஞ்சம்? கிளாஸைக் கோட்டுக் கைக்குள் ஒளித்துக்கொண்டு (நீளமான கைக்கு ஒரு பிரயோஜனம்), அவசரம் என்று ஜாடை காட்டிவிட்டுப் பின்பக்கம் போனேன்.

பஞ்சம் அங்கேதான் இருந்தது. தண்ணீரைக்கூட மறந்து ஒன்றரை நாள் பட்டினி கிடந்தவனிடம் என்ன இருக்கும்? கற்பகாம்பாளை வேண்டினேன், கபாலியை வேண்டினேன், வழியில் உள்ள பிள்ளையார்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கால் கிளாஸ் தேறியது.

அடுத்த சிக்கல் அப்போதுதான் உறைத்தது. நான் ஆரோக்கியமான பையன். என்னுடையதில் சர்க்கரை எப்படி இருக்கும்? பரீட்சகர் எதிரே செய்துகாட்டும்போது செங்கல் நிறம் வராவிட்டால்? கோட்டுப் பையில் கை போயிற்று. பிரசாதப் பொட்டலம்.

அதைப் பிரித்தேன். திராட்சையைப் பார்த்தேன், கற்கண்டைப் பார்த்தேன். திராட்சை கறுப்பாக மிதந்து காட்டிக்கொடுத்துவிடும். கற்கண்டு கரைந்துவிடும். அதோடு, வேண்டியது சர்க்கரை. கற்கண்டைவிடச் சர்க்கரை உலகத்தில் எது? "அம்மா, தாயே, டாக்டரானதும் இந்தப் பாவத்துக்குத் தங்கக் காசு போடுகிறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கட்டியை உள்ளே போட்டேன். என் ஆயுளில் நான் செய்த மகா பாதகம் அதுதான். அதைவிடப் பெரிய பாதகம் அது பலிக்காமல் போனது.

மேஜைக்குத் திரும்பி, கண்ணாடிக் குச்சியால் கலக்கினேன். கட்டி கொஞ்சம் கரைந்தது, மிச்சம் அடியில் உட்கார்ந்துகொண்டது. சரி, இருக்கட்டும். ஆல்புமின் பார்த்தேன், இரண்டு சொட்டு அமிலத்தை மறக்காமல் விட்டேன், சுத்தமாக இருந்தது. கடைசியில் அசிட்டோன். உப்பைப் போட்டுக் குலுக்கி, மருந்தைச் சேர்த்து, அம்மோனியாவை மெதுவாக மேலே விட வேண்டும். அசிட்டோன் இருந்தால் நடுவில் ஊதா வளையம் வரும்.

வந்தது. நாவல்பழச் சாறு மாதிரி.

குழாயைச் சட்டென்று தாங்கியில் வைத்தேன். ஏனென்றால் அது நோயாளியின் சிறுநீர் இல்லை, என்னுடையது! அசிட்டோன் தோன்றும் நிலைகள்: நீரிழிவு... நீரிழிவில் ஊதா வந்துவிட்டால் ஆசாமிக்கு நினைவு தப்பப் போகிறது என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். கண்ணுக்கு முன்னால் காலையிலிருந்து பூச்சி பறக்கிறதே! தலை சுற்றுகிறதே! ஆக, எனக்கு முற்றிப்போன நீரிழிவு. இருபத்தோரு வயசு. இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை. பரீட்சை ஹாலில், அப்பாவின் கோட்டோடு சாகப் போகிறேன். அம்மாவுக்கு யார் போய்ச் சொல்வது? அழுதுகொண்டே "அசிட்டோன் உண்டு" என்று எழுதினேன். சாகிறவன் பொய் எழுதக் கூடாது.

அப்போது பரீட்சகர் வந்து சேர்ந்தார். இங்கிலீஷில்தான் பேசினார், அவமானம் எந்தப் பாஷையிலும் அவமானம்தான் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். என் தாளைப் பார்த்தார், தம் கையில் இருந்த பட்டியலைப் பார்த்தார்.

"சர்க்கரை சரி. அசிட்டோன் எங்கிருந்து வந்தது? இந்தக் கிளாஸில் அது கிடையாதே. செய்துகாட்டு."

செய்தேன். ஊதா, முன்னைவிட ஜோராக.

புருவத்தைத் தூக்கினார். "ஆச்சரியம். சர்க்கரையையும் காட்டு."

நீலத் திராவகம், எட்டுச் சொட்டு, கொதி. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். நீலம். இன்னும் கொஞ்சம் கொதிக்கவைத்தேன். நீலம். வற்றிப்போகிற மட்டும் கொதிக்கவைத்தேன். மயிலின் கழுத்து மாதிரி அத்தனை அழகான நீலத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

தாங்கியில் இருந்த பழைய செங்கல் குழாயை எடுத்து, இந்த நீலக் குழாயின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒரு மணி நேரத்துக்கு முன்னால் முற்றிய நீரிழிவு. இப்போது துளிகூட இல்லை. நீ வைத்தியம் படிக்க வேண்டியதே இல்லையப்பா, வைத்தியம் செய்தே முடித்துவிட்டாய்."

நான் தரையைப் பார்த்தேன். அவர் கிளாஸைப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு இடுக்கியை வாங்கி உள்ளே விட்டு, எதையோ மெதுவாக வெளியே எடுத்தார். வெள்ளையாக, நீளமாக, சொட்டச் சொட்ட.

கற்கண்டு எப்படிச் செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பாகில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, அந்த நூலைச் சுற்றித்தான் கட்டி கட்டியாகப் படிய விடுவார்கள். எனக்கும் தெரியும், குழந்தையிலிருந்து தெரியும். கற்கண்டைத் தின்றுவிட்டு நூலைத் துப்பியிருக்கிறேன். அன்று மட்டும் மறந்துபோயிற்று.

"இது என்ன?" என்றார்.

சிறுநீரில் சில சமயம் சளி இழைகள் வரும் என்று ஒரு பாடம் உண்டு, ஒன்பதாம் பிரதட்சிணத்தில் வரும். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "சளி இழை, ஸார்."

இடுக்கியைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். இங்கிலீஷ் அவரைவிட்டுப் போய்விட்டது. "முப்பது வருஷமா இந்த வேலையிலே இருக்கேன். முடிச்சுப் போட்ட சளி இழையை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

அக்கம் பக்கத்து மேஜைகளில் அத்தனை பேரும் தங்கள் குழாய்களைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒருவன் இருமினான். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவர் நல்ல மனுஷர். அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. என்னை அந்த நிமிஷமே கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. நூலைத் தொட்டியில் போட்டார். என் முகத்தையும் கோட்டையும் ஏற இறங்கப் பார்த்தார். என்னவோ புரிந்துகொண்டார் போலிருக்கிறது, குரலைத் தணித்துக்கொண்டார்.

"நூலை நான் பார்க்கலை. அந்தக் கிளாஸை மறந்துடு. ஒரே ஒரு கேள்வி கேக்கறேன், சரியாச் சொன்னா பாஸ் போடறேன். ஒருத்தன் சிறுநீர்லே சர்க்கரை இல்லே. அசிட்டோன் மட்டும் இருக்கு. அவனுக்கு என்ன?"

சர்க்கரை இல்லாமல் அசிட்டோன் மட்டும். அதாவது நீரிழிவு நீங்கலாக. நடுவிலிருந்து கேட்கிறார்! நான் மனசுக்குள் பிராகாரத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். அசிட்டோன் தோன்றும் நிலைகள்: நீரிழிவு... அது இல்லை. அப்புறம்? மறுபடியும் முதலிலிருந்து. அசிட்டோன் தோன்றும் நிலைகள்: நீரிழிவு... வாசலிலேயே கால் சிக்கிக்கொண்டு நிற்கிறேன், உள்ளே போக முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து என் வயிறு கத்தியது. கத்தியது என்றால் சும்மா இல்லை. மாட்டுவண்டி பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுகிற மாதிரி ஒரு முனகல். கடைசி மேஜைவரை கேட்டது.

பரீட்சகர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா! பதில் உன் வயித்துலேர்ந்து கத்தறது. வாய்தான் சொல்லமாட்டேங்கறது. கடைசியா எப்போ சாப்பிட்டே?"

"சனிக்கிழமை ராத்திரி, ஸார்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"திங்கக்கிழமை, ஸார்."

"நேத்து?"

"ஒண்ணும் சாப்பிடலை, ஸார். விரதம்."

"ஹா! இப்போ சொல்லு. சாப்பிடாம இருக்கறவன் உடம்பு, சர்க்கரை கிடைக்காம கொழுப்பை எடுத்து எரிக்கறது. எரிச்சா அசிட்டோன் வரது. அந்த நிலைக்கு என்ன பேரு?"

இதைவிட ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்? வாயில் ஊட்டிவிட்டார். மென்று விழுங்க வேண்டியதுதான் பாக்கி. நான் நிமிர்ந்து நின்றேன், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கணீரென்று சொன்னேன்:

"நீரிழிவு, ஸார்!"

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். என் நம்பரைப் பட்டியலில் தேடினார். பிறகு எழுதினார். என் தோளில் கை வைத்து, "போய் முதல்லே சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். ஐந்து வருஷக் கனவும், வாசல் ஆணியும், அம்மாவின் வேண்டுதலும் அந்த ஒரு வரி எழுதுகிற நேரத்தில் முடிந்துபோயின. நான் குழாய்களைக் கழுவி வைத்தேன். எதற்குக் கழுவினேன் என்று தெரியவில்லை.

வெளியே முனுசாமி பிடித்துக்கொண்டான். அவனுக்கு விஷயம் எட்டியிருந்தது. "இன்னா சாமி இப்பிடிப் பண்ணிட்ட? கொட்டிப்புட்டா என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? உன் நம்பர் தண்ணி ஒரு பானை நெறய அந்த மூலைல கீது. எத்தினி கிளாஸ் வோணும் உனுக்கு?"

"கேட்டா பெயில்னு சொன்னாங்களே, முனுசாமி!"

"எவன் சொன்னான்? காலைலேந்து நாலு பேரு கொட்டிக்கினு வந்து வாங்கிக்கினு போனானுங்க. ரெண்டு மார்க்கு கொறப்பாங்க, அவ்ளோதான்."

இரண்டு மார்க்கு. நான் டிராமுக்கு நடந்தேன்.

டிராமில் உட்கார்ந்ததும் அம்மா சொன்னது நினைவு வந்தது. பொட்டலத்தைப் பிரித்து, மிச்சம் இருந்த திராட்சையை வாயில் போட்டுக்கொண்டேன். ஒன்றரை நாளைக்குப் பிறகு நாக்கில் பட்ட முதல் ருசி, தேனாக இனித்தது. மடியில் பாடப் புத்தகம். கற்கண்டு ஏன் காலை வாரியது என்று பார்க்கலாமே என்று பிரித்தேன். பென்சிலால் நானே கோடு போட்டிருந்த வரி: கரும்புச் சர்க்கரை மயில்துத்த நீலத்தை மாற்றாது. கற்கண்டு கரும்புச் சர்க்கரைதானே! பானை பானையாகக் கரைத்து ஊற்றினாலும் நீலம் நீலம்தான். அதற்கு அடுத்த வரியையும் படித்தேன். படித்திருக்கக் கூடாது. நீலத்தைச் செங்கல் நிறமாக மாற்றுவது குளுக்கோஸ். அதற்கு இன்னொரு பெயர் திராட்சைச் சர்க்கரை. உலர்ந்த திராட்சையில் அது ஏராளம்.

வாய்க்குள் மெல்லுவதை நிறுத்தினேன். பாஸ் மார்க்கை நான் தின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். கோட்டை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டு, வாசல் சுவரில் இருந்த ஆணியிலேயே மாட்டினார். அதில் முதன்முதலாகத் தொங்கியது அந்தக் கோட்டுதான். நான் உள்ளே போய் அழுதேன். வெட்கமில்லாமல், சத்தமாக.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயில் ஆனதைக் கேட்டு அவள் அசையவே இல்லை. கற்கண்டு விஷயம் வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பிரசாதத்தையா? அதுலயாடா? அட பாவி! பின்னே எப்படிடா பாஸ் போடுவா அவ? நானா இருந்தா கண்ணையே பிடுங்கியிருப்பேன். பெயிலோட விட்டாளே, மகராசி!" என்று கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்புறம் என்னைக் கிணற்றடியில் உட்காரவைத்து ஏழு குடம் தண்ணீர் தலையில் கொட்டினாள். அப்புறம்தான் சாதம் போட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து, விசிறிக்கொண்டே அவளும் அழுதாள்.

பிறகு நான் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பாலிசி எடுக்க வருகிறவர்களின் மருத்துவ ரிப்போர்ட்டுகளைச் சரிபார்த்து அடுக்குகிற வேலை. "சர்க்கரை இல்லை, ஆல்புமின் இல்லை" என்று என்னோடு படித்தவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாள்களை முப்பத்து மூன்று வருஷம் அடுக்கினேன். வாசல் ஆணியில் அப்பா கடைசிவரை போர்டு மாட்டவில்லை, ஆணியைப் பிடுங்கவும் இல்லை. குடையை மாட்டினார்.

கல்யாணமான முதல் மாசமே அம்மா இந்தக் கதையை என் மனைவியிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எந்த முக்கியமான காரியத்துக்குக் கிளம்பினாலும், பிள்ளை பரீட்சைக்குப் போனாலும் சரி, பெண் பார்க்கப் போனாலும் சரி, மனைவி உள்ளிருந்து குரல் கொடுப்பாள்: "கையோட ரெண்டு திராட்சை எடுத்துண்டு போங்கோ. அவசரத்துக்கு உதவும்!" எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் வீட்டுச் சமையல்கார அம்மாளுக்குக்கூட எந்தச் சர்க்கரை நீலத்தை மாற்றும், எது மாற்றாது என்று தெரியும். என் வீட்டில் அந்தப் பாடத்தில் பெயிலானவன் நான் ஒருவன்தான்.

போன மாசம் கால் எரிச்சலாக இருக்கிறது என்று அடையாறில் ஒரு பரிசோதனைச் சாலைக்குப் போனோம். ஒரு சின்னப் பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். மனைவி வழக்கம்போல ஒரு பொட்டலத்தை என் சட்டைப் பையில் செருகினாள். "சிந்திடுத்துன்னா தவிக்காதீங்கோ, வெச்சிருக்கேன்."

சிந்தவில்லை. கொஞ்ச நேரத்தில், என் பிள்ளை வயசுள்ள டாக்டர் ஒருவர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அசல் செங்கல். கற்கண்டும் இல்லாமல், திராட்சையும் இல்லாமல், முழுக்க முழுக்க என் சொந்தச் சம்பாத்தியம்.

"ஸார், உங்களுக்கு நீரிழிவு" என்றார் தயங்கித் தயங்கி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிர்ச்சியில் சிரிக்கிறேன் என்று அவர் பயந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டார். கேள்வி கேட்டவர் போய் எத்தனையோ காலம் ஆகியிருக்கும். முப்பத்தாறு வருஷம் தாமதமாக என் பதில் சரியாகிவிட்டது. பாஸ் போடத்தான் ஆள் இல்லை.

மனைவி என் சட்டைப் பையில் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள்.

"இனிமே இது எதுக்கு உங்களுக்கு? சொந்தச் சரக்கே இருக்கே!" என்று சொல்லி, அந்த டாக்டர் எதிரிலேயே திராட்சையை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.